ஒரு கோயிற்பற்றின் வளர்ச்சியும் தேய்வும்: வாரம் பேர்சித் தேவாலயம்

இடைக்கால இங்கிலாந்தின் கட்டடக்கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காண்டபரி, டர்ஹம், யோர்க் ஆகிய பேராலயங்களையே எடுத்துக்காட்டுவர். அவை மன்னரதும் பேராயரதும் ஆதரவில் எழுந்தவை. அவற்றின் வரலாற்றைக் கூற ஏடுகள் பல உள. ஆயின், அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் கிராமங்களில் உழுதுவாழ்ந்தோர். அவர்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதிவைத்தது ஏதுமில்லை எனலாம். நிலப்பிரபுவின் கணக்குகளிலே குடியிறை இறுப்போராகவும், அவனது மன்றப் பதிவுகளிலே தண்டம் செலுத்துவோராகவுமே அவர்கள் காட்சியளிக்கின்றனர். அவர்கள் கூடிய, ஒரு பகுதியைத் தம் கைப்பொருளாலேயே பேணிய கட்டடம் கிராமத் தேவாலயமாகும். அதனை அவர்தம் வரலாற்றுக்குச் சான்றாக எவ்வளவு தூரம் கொள்ளலாம்? யோக்ஷயரின் சுண்ணக்கல் மேட்டுநிலத்திலே கூரையிழந்து நிற்கும் வாரம் பேர்சி புனித மார்ட்டின் தேவாலயம் இவ்வினாவை ஆராய வாய்ப்பான இடமாகும்.

இடைக்காலக் கோயிற்பற்று வழிபாட்டு எல்லை மட்டுமன்று. ஒரு பொருளாதார அலகுமாகும். உழவர் தம் விளைவிலும் கால்நடைப் பெருக்கத்திலும் பத்திலொன்றைத் தசமபாகமாக இறுத்தனர். கட்டடத்தைப் பேணும் கடமையும் பகுக்கப்பட்டிருந்தது. பலிபீடம் அமைந்த கிழக்குப் பகுதி தசமபாகம் பெறுவோரின் பொறுப்பு. மக்கள் நின்று வழிபடும் நடுக்கூடம் கோயிற்பற்றாரின் பொறுப்பு. 13ஆம் நூற்றாண்டிலே நிலைபெற்ற இவ்வழக்கம் மனங்கொள்ளத்தக்கது. நடுக்கூடத்தின் விரிவும் சுருக்கமும் ஊராரின் நிலையை ஓரளவு காட்டும் எனக் கருதுவதற்கு இதுவே அடிப்படை.

வாரம் பேர்சியில் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழ்வாய்வு நடைபெற்றது. பொருளாதார வரலாற்றாசிரியர் மொறிஸ் பெரஸ்போட், தொல்லியலாளர் ஜோன் ஹேர்ஸ்ற் ஆகிய இருவரும் அதனை வழிநடத்தினர். கைவிடப்பட்ட கிராமமொன்று இவ்வளவு நீண்டகாலம் ஆராயப்பட்டமை அரிதே. தேவாலயத்தின் தளத்தை அகழ்ந்தபோது, சிறியதொரு ஆதிக் கற்கோயிலின் அடித்தளத்தைச் சூழ்ந்து, நோர்மானியர் ஆட்சிக் காலத்திலே பெரியதொரு கோயில் எழுப்பப்பட்டமை புலனாயிற்று. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தென்சுவர் திறக்கப்பட்டு, தூண்களும் வளைவுகளும் அமைத்துப் பக்கக்கூடமொன்று சேர்க்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டிலே வடபுறத்திலும் அவ்வாறே. ஊர் பெருகிய காலம் அது.

பின்னர் நிகழ்ந்ததே நம் கவனத்தை ஈர்ப்பது. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளிலே இவ்விரு பக்கக்கூடங்களும் இடிக்கப்பட்டன. வளைவுகளின் இடைவெளிகள் கல்லால் அடைக்கப்பட்டு, அவ்வடைப்பிலே சாளரங்கள் பொருத்தப்பட்டன. தென்சுவரை நோக்குவோர் அவ்வளைவுகளின் வடிவை இன்றும் காணலாம். 17ஆம் நூற்றாண்டிலே கிழக்குப் பகுதியும் சிறிதாகத் திருத்திக் கட்டப்பட்டது.

இத்தேய்வுக்குக் காரணம் 1349இல் யோக்ஷயரைத் தாக்கிய கொள்ளைநோய் எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. மக்கள் பலர் மாண்டபோதும் கிராமம் அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்திருந்தது. அதனை அழித்தது ஆடு. கம்பளி விலை உழவின் வருவாயை விஞ்சியபோது, குடிகளைக் காட்டிலும் மந்தைகளே நிலப்பிரபுவுக்கு ஆதாயமாயின. 1517ஆம் ஆண்டு அரச விசாரணைப் பதிவு, இங்கே 4 வீடுகள் அழிந்து உழவு கைவிடப்பட்டமையைக் குறிக்கின்றது. வெளியேறிய குடும்பங்கள் எங்கே சென்றன என்பதை அப்பதிவு கூறவில்லை. அதனைக் கேட்டறிய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லைப் போலும்.

எனினும் சுவரைக் குடித்தொகைக் கணக்காகவே வாசித்துவிடுதல் தவறாகும். இக்கோயிற்பற்றிலே திக்சென்டேல், பேர்டேல், ரெய்ஸ்தோர்ப், டௌதோர்ப் ஆகிய அயலூர்களும் அடங்கியிருந்தன. பக்கக்கூடங்கள் கூட்டத்திற்கு இடமளித்தவை மட்டுமல்ல. தனிப் பீடங்களுக்கும் கல்லறைகளுக்கும் உரிய இடங்களுமாயிருந்தன. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் அவற்றுட் பலவற்றைத் தேவையற்றவையாக்கிற்று. ஆகவே, சுவரின் சான்றை மண்ணின் சான்றோடு இணைத்தே நோக்கவேண்டும். அம்மண்ணிலிருந்து ஏறத்தாழ 700 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டுள்ளன. குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை தாய்ப்பாலுண்டனர் என்பதை அவற்றின் வேதியியல் ஆய்வு புலப்படுத்திற்று. எந்தப் பிரபுவின் கணக்கேட்டிலும் இடம்பெறாத செய்தி இது!

கிராமம் மறைந்த பின்னரும் அயலூரார் பல நூற்றாண்டுகள் இங்கேயே வழிபட்டனர். தம் இறந்தோரையும் இங்கேயே அடக்கம் செய்தனர். 1870இல் திக்சென்டேலிலே தனித் தேவாலயம் எழுந்தது. வாரம் பேர்சியில் இறுதி வழிபாடு 1949இல் நடந்தது. 1959இலே கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. எஞ்சிய பகுதி புல்மேட்டின் நடுவே இன்றும் நிற்கின்றது.