அரபு மண்ணைப் படம்பிடித்த கேப்டன் ஷேக்ஸ்பியர்

ஷேக்ஸ்பியர் என்றதும் ஆங்கில நாடக ஆசிரியர்தான் நம் நினைவுக்கு வருவார். அதே குடும்பப் பெயர் கொண்ட இன்னொருவருக்கு அரபு தீபகற்ப வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அவர் கேப்டன் வில்லியம் ஹென்றி இர்வின் ஷேக்ஸ்பியர். 1878இல் பஞ்சாபில் பிறந்த அவர், பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. 1909 முதல் 1914 வரை குவைத்தில் பிரிட்டிஷ் அரசியல் பிரதிநிதியாக இருந்தார்.

அப்போது குவைத்தை ஆண்டவர் ஷேக் முபாரக் அஸ்ஸபாஹ். அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1938இல்தான். அதுவரை முத்துக்குளிப்பும், மரக்கலம் கட்டுவதும், கடல் வணிகமுமே அவ்வூர் மக்களின் வாழ்வாதாரம். இன்று வானளாவிய கட்டடங்களை மட்டுமே காணும் நம் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஷேக்ஸ்பியர் ஒட்டகங்களுடன் பாலைவனத்திற்குள் சென்றார். கூடவே கேமராவும் நில அளவைக் கருவிகளும் சென்றன. கூடாரங்கள், ஒட்டகக் கூட்டங்கள், பாலைவன ஊர்கள் எனக் கண்டவற்றைப் படம்பிடித்தார். பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய அப்துல் அஸீஸ் இப்னு சஊத் அவர்களின் முதல் புகைப்படம், 1910இல் குவைத்தில் இவர் எடுத்ததே. 1911இல் அவருடைய படை கொடிகளுடன் ஒட்டகங்களில் அணிவகுத்துச் செல்லும் காட்சியையும் பதிவு செய்தார்.

1914இல் குவைத்திலிருந்து ரியாத் வழியாகச் சூயஸ் வரை சுமார் 1,800 மைல் பயணம் செய்தார். அதில் பெரும்பகுதி அதுவரை வரைபடத்தில் இடம்பெறாத நிலம்.

1915 ஜனவரியில் ஜராப் எனுமிடத்தில் இப்னு சஊதின் படைக்கும், உஸ்மானியர்களின் ஆதரவு பெற்ற இப்னு ரஷீதின் படைக்கும் போர் மூண்டது. இப்னு சஊதின் தரப்பில் இருந்த ஷேக்ஸ்பியர் அதில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36. அவர் எடுத்த படங்கள் லண்டன் ராயல் புவியியல் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவரை நாம் எப்படிப் பார்ப்பது? அவர் வெறும் பயணி அல்லர். ஒரு பேரரசின் ஊழியர். அவர் வரைந்த வரைபடமும் எழுதிய அறிக்கைகளும் அப்பேரரசின் தேவைக்கே சென்றன. எதைப் படம்பிடிப்பது, எதை விடுவது என்பதையும் அவரே தீர்மானித்தார். அதை மறக்கக் கூடாது. அதே வேளையில், மறைந்துபோன ஒரு வாழ்க்கை முறைக்கு அப்படங்கள் இன்றும் சாட்சி சொல்கின்றன.

நம் குடும்பங்களிலும் வளைகுடா சென்று உழைத்த பெரியவர்களின் பழைய படங்கள் பெட்டிகளில் கிடக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஊர், ஆண்டு, உடன் நிற்பவர் பெயர் ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் எழுதி வைப்போம். நம் வரலாற்றை நாமே பதிவு செய்யாவிட்டால், பிறர் எடுத்த படத்தில்தான் நம்மை நாம் தேட வேண்டியிருக்கும்.