சுவர்ப்படத்தில் இல்லாத உணவு



நான் மூன்றாம் வகுப்பு படித்த பள்ளியில் ஒரு சுவர்ப்படம் தொங்கியது. தலைப்பு 'சரிவிகித உணவு'. ஆப்பிள், திராட்சை, ஒரு டம்ளர் பால், வெண்ணெய், பருப்பு, கேரட். ஆசிரியர் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டு, "நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு வீட்டிலும் மாட்டுக்கறி. நாலு பேரும் "சாம்பார் சார்" என்றோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு வயதில் அந்தப் பொய் தானாகவே வாயில் வந்தது.

பிள்ளைகளுக்குச் சத்துணவைப் பற்றிச் சொல்லித்தரும் வரலாற்றை நான் அந்த "சாம்பார் சார்" என்ற பதிலிலிருந்துதான் பார்க்கிறேன். அந்தப் படத்தை வரைந்தவர் யார், எதை வைத்து வரைந்தார் என்று தேடிப் போனால் நாம் வந்து சேருமிடம் குன்னூர்.

1918-ல் இராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் குன்னூரில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே பெரும்பாலும் தின்கிறவர்களுக்கு வருகிற நோய் அது. புழுங்கலரிசியில் அந்தச் சத்து ஓரளவு தங்கிவிடுகிறது. நம் வீடுகளில் பானையில் இருந்தது புழுங்கல்தான். அதுவும் இருந்த நாட்களில்.

மெக்காரிசன் செய்த எலிச் சோதனையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே இன எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் தின்னும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, அவ்வப்போது இறைச்சி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியை நம்பிய மதராஸ் உணவைத் தின்றவை இளைத்துக் கடைசியில் நின்றன. இன்ன சாதி பிறவியிலேயே போர்ச்சாதி, இன்ன சாதி பிறவியிலேயே சோப்ளாங்கி என்று அரசாங்கமே எழுதிவைத்த காலம் அது. உடம்பைத் தீர்மானிப்பது பிறப்பு அல்ல, தட்டு என்று குன்னூர் எலிகள் சொல்லிவிட்டன. மெக்காரிசன் சாதியை ஒழிக்க வந்தவர் அல்ல, பேரரசின் ஊழியர். ஆனாலும் அந்தச் சோதனை நமக்கு உதவும்.

அவருக்குப் பின் 1935-ல் அய்க்ராய்டு பொறுப்பேற்றார். ஏழைப் பிள்ளைகள் தங்கியிருந்த விடுதிகளில் வழக்கமான சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள்; குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட உயரமும் எடையும் கூடினார்கள். இந்திய உணவுகளின் சத்து அட்டவணை 1937-ல் வெளியானது. ஆய்வகம் பின்னர் ஐதராபாத்துக்குப் போனது. இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்கிறோமே, அதுதான்.

அங்கிருந்து கோபாலனும் மற்றவர்களும் 1971-ல் விரித்து வெளியிட்ட அட்டவணையை நான் கல்லூரி நூலகத்தில் முதன்முதலாகப் புரட்டினேன். மாட்டிறைச்சி இருக்கிறது: 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். நண்டு இருக்கிறது, நத்தை இருக்கிறது, கருவாடு இருக்கிறது. என் அம்மா வரப்பில் பறித்துவந்த கீரைகளில் பலவும் இருக்கின்றன. விஞ்ஞானி எங்கள் வீட்டுச் சட்டியை எடைபோட்டுப் பார்த்து எண் எழுதி வைத்திருக்கிறார். அந்த அட்டவணை சுவர்ப்படமாக வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் உணவு மட்டும் வழியில் காணாமல் போயிருக்கிறது. எடுத்துப்போட்டவர் யார் என்று தனியாக ஒருவரைக் காட்ட முடியாது. எல்லோருக்கும் பொதுவான படம் வரைகிறோம் என்று நம்பியே வரைந்திருப்பார்கள்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நாம் தின்றதையெல்லாம் பாட்டன் சொத்து என்று கொண்டாடிவிட முடியாது. செத்த மாட்டைத் தின்னாதீர்கள், அடுத்தவர் வீசும் மிச்சத்தை வாங்காதீர்கள் என்று 1927-ல் மகாடில் அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். எலியும் நத்தையும் ருசிக்காக மட்டும் தின்றவை அல்ல. கூலி கிடைக்காத மாதங்களில் தின்றவை. கட்டாயத்தால் வந்த உணவு வேறு, விரும்பித் தின்னும் உணவு வேறு. அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்; சுவர்ப்படம் அல்ல.

படம் போதித்தது ஒரு பக்கம். பள்ளி உண்மையிலேயே சோறு போட்டது இன்னொரு பக்கம். 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர முடிவெடுத்தது. பிள்ளைகள் ஏழைகள், அதனால் வருகை குறைகிறது என்பதுதான் காரணம். வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய பிறகு 1925-ல் நிதி விதியைக் காட்டி அரசு நிறுத்தியது. 1956-ல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார். முதலில் அது ஊரார் கொடையில் நடந்தது. பிறகு அரசும் பங்கு போட்டது. கொடை தருகிறவன் எவனோ, பந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அவனே சொல்வான். எங்கள் ஊரில் சேரிப் பிள்ளைகளுக்குத் தனி வரிசை இருந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில்தான் செலவு முழுக்க அரசுடையதாகி, அது பிள்ளையின் உரிமை என்ற எண்ணம் வேர்விட்டது.

முட்டைக்குத் தனிக் கதை உண்டு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 1998-ல் வாரம் ஒன்று, 2007-க்குள் மூன்று, 2010-ல் ஐந்து. வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். அவ்வளவுதான் ஏற்பாடு, யாருடைய தீட்டும் உடைந்துபோகவில்லை. இதே நாட்டில் 2015-ல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிக்கு முட்டையே கூடாது என்று தடுத்தார். அங்கே எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளைகளில் பலர் பழங்குடியினர். வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையலைப் பொதுப்பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சியையும் இந்த வரிசையிலேயே வைத்துப் பார்க்கிறேன்.

கடைசியாக, சமைக்கும் கை. மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது. 2018 ஜூலையில் அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஆதிக்க சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அவருக்கு இடமாற்றம் போட்டார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு அது திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவானது. பெரியவர்கள் வாசலில் நின்று கத்தியதைப் பார்த்த பிள்ளைகள் அன்றைக்கு உணவைப் பற்றி என்ன படித்திருப்பார்கள்?

எங்கள் தெருவில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறோம். "வீட்டில் என்ன சாப்பிட்டாய்?" என்று எழுப்பி நிறுத்திக் கேட்பதில்லை. பெயர் எழுதாத துண்டுத்தாளில் எழுதிப் போடச் சொல்கிறோம். போன மாதம் வந்த தாள்களில் இருந்தவை: பழையசோறு, கருவாடு, ரசம், மாட்டுக்கறி, பிஸ்கட், பிரியாணி, ஒன்றுமில்லை. அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் நேரே எண்களை எழுதினோம். "ஒன்றுமில்லை" என்று மூன்று தாள்கள் இருந்தன. அன்று பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டு அடுப்பு மூட்டினோம்.