வாசல் முதல் சதுக்கம் வரை: கம்போங் அட்மிரல்ட்டியும் மூத்தோர் வீடமைப்பும்

மூத்தோருக்கான வீடமைப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கைப்பிடி, சாய்தளம், வழுக்காத தரை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இவை இல்லாமல் முடியாது. ஆனால், வெளியே போவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுவதாலும் முதியவர்கள் வீட்டுக்குள் முடங்குகிறார்கள். வேலை நின்றுவிடுகிறது, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விடுகிறார்கள், மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் 2018 மே மாதம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி, இந்தச் சிக்கலைக் கட்டடத்தின் வழியே எதிர்கொண்ட முயற்சி. அன்றாட வேலைகளை ஒரே வழியில் கோத்ததே அதன் பெரும் சாதனை என்பதும், அதை அங்குள்ள 104 வீடுகளோடு நிறுத்திவிட்டால் வீடமைப்புக் கொள்கையாக வளராது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அட்மிரல்ட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய மனை அது. பரப்பு சுமார் 0.9 ஹெக்டேர், கட்டடம் 45 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. வழக்கம்போல ஒவ்வோர் அரசுத் துறையும் தனக்கென ஒரு துண்டு நிலம் கேட்டிருந்தால் நாலு சிறு கட்டடங்கள் எழும்பியிருக்கும், மூத்தோர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில் நடந்திருப்பார்கள். அரசின் பொது வீடமைப்பு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முன்னின்று பல அமைப்புகளை ஒரே திட்டத்தில் சேர்த்தது. வோஹா கட்டடக்கலை நிறுவனம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது: தரையில் பொதுச் சதுக்கம், அதற்கு மேல் உணவங்காடி நிலையம், நடுவே மருத்துவ நிலையம், அதன்மீது படிப்படியாக ஏறும் பூங்கா. மூத்தோர் வீடுகள் பதினொரு மாடிகள் கொண்ட இரண்டு புளோக்குகளில் உள்ளன. 2018ஆம் ஆண்டு உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது இதற்குக் கிடைத்தது.

விருதுச் செய்திகளோடு வரும் படங்களில் கூரைப் பசுமைதான் கண்ணில் படுகிறது. மழைநீரைச் சேமித்துச் செடிகளுக்குப் பாய்ச்சும் ஏற்பாடும் பேசப்படுகிறது. இரண்டும் நல்லவைதாம். ஆனால் நிலைத்தன்மை என்ற நோக்கில் நான் முதலில் சுட்டுவது கீழேயுள்ள சதுக்கத்தை. மேல்தளங்களே அதற்குக் கூரை. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று குறுக்கே ஓடுகிறது. வெயிலானாலும் மழையானாலும் அங்கே உட்காரலாம், குளிர்சாதனம் தேவையில்லை. மாத்திரை வாங்க இறங்கிய ஒருவர், மேலே ஒரு கோப்பி குடித்துவிட்டு, தெரிந்த முகத்தைப் பார்த்து அரைமணி நேரம் தங்கிவிட முடியும். மூட்டுவலி உள்ளவருக்கு மருத்துவப் பரிசோதனை, சாப்பாடு, கடை ஆகிய மூன்றும் மூன்று பயணங்களாக இருந்தால் அவற்றில் இரண்டு நின்றுபோகும். இங்கே அவை மின்தூக்கியில் இறங்கி ஏறும் தொலைவில் இருக்கின்றன. கூடிப் பழகுவதற்கென்று தனியாக யாரையும் அழைக்க வேண்டியதில்லை. வேலை இழுத்து வருகிறது, பேச்சு தானாகத் தொடங்குகிறது.

இதே அளவுகோலை மேல்மாடிகளில் வைத்துப் பார்த்தால் ஐயம் எழுகிறது. வீடுகளின் பொது நுழைவிடத்தில், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து உட்கார இருக்கைகள் அமைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணைபோல என்று சொல்லத் தோன்றும். ஆனால் திண்ணையை வாழவைத்தது தெரு: தயிர்க்காரர், பள்ளிப் பிள்ளைகள், வழிப்போக்கர். மூத்தோர் மட்டுமே வாழும் ஒரு மாடியின் நடைகூடத்தில் கடந்துபோக ஆட்கள் குறைவு. இருக்கை இருப்பதாலேயே உறவு வந்துவிடாது. குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை மூத்தோர் நிலையத்துக்கு அருகில் அமைத்ததற்கும் இது பொருந்தும். இரு தலைமுறைகளும் சேர்ந்து செய்ய ஒரு வேலையும், அதை வாரம் தவறாமல் நடத்த ஒரு பணியாளரும் இல்லையென்றால் அருகமை வெறும் வரைபடச் செய்தியாகவே இருக்கும்.

வீட்டின் அளவும் கேள்விக்குரியது. 36, 45 சதுர மீட்டர் என்ற இரு அளவுகள், தனியாக நடமாடும் ஒருவருக்கோ தம்பதிக்கோ போதும். இரவில் துணைக்குத் தங்க ஒருவர் வேண்டும் என்ற நிலை வரும்போது இடம் நெருக்கும். முதுமையின் கடைசிக் கட்டத்தில் இன்னொரு முறை வீடு மாற வேண்டி வந்தால், கட்டடம் எவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்தினாலும் அந்த மனிதரைப் பொறுத்தவரை அது நிலைத்த வீடு அல்ல. கடைசிக் கட்டப் பராமரிப்பில் உள்ள இந்தக் குறையைக் கழகமே உணர்ந்திருக்கிறது என்று கருத இடமுண்டு. 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகளில், 65 வயதை எட்டியோருக்கு வீட்டோடு அடிப்படைப் பராமரிப்புச் சேவையையும் கட்டாயமாகச் சேர்த்தார்கள். கட்டணம் சிலருக்குச் சுமையாகலாம். ஆனாலும் பராமரிப்பை வீட்டின் ஓர் உறுப்பாகக் கணக்கில் எடுத்தது சரியான திருப்பம் என்பதே என் மதிப்பீடு.

இவ்வளவும் புதுக் கட்டடங்களின் கதை. சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் கழக வீடுகளில் வாழ்கிறார்கள். 2030ஆம் ஆண்டில் குடிமக்களில் கால்வாசிப் பேர் 65 வயதைத் தொட்டவர்களாக இருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாக வாழும் பழைய புளோக்குகளிலேயே மூப்படைவார்கள். அங்கே சில நல்ல வேலைகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. சில மாடிகளில் மட்டும் நின்ற மின்தூக்கிகளை எல்லா மாடிகளிலும் நிற்கச் செய்யும் திட்டம் 2001இல் தொடங்கியது. குளியலறைக் கைப்பிடி, வழுக்கல் தடுப்பு, சாய்தளம் ஆகியவற்றுக்கு மானியம் தரும் திட்டம் 2012இல் வந்தது. அவை வீட்டிலிருந்து இறங்க உதவுகின்றன. இறங்கிய பின் எங்கே போவது என்பதற்கு அட்மிரல்ட்டி ஒரு விடை தந்திருக்கிறது.

அந்த விடையைப் பழைய பேட்டைகளுக்குக் கொண்டுபோகப் பதினொரு மாடிகள் தேவையில்லை. புளோக்குகளின் கீழ்த்தளங்கள் திறந்தே கிடக்கின்றன. நிழலும் காற்றும் அங்கே ஏற்கெனவே உண்டு. மருந்து வாங்கும் முகப்பு, இரத்த அழுத்தம் பார்க்கும் தாதி, மலிவான சாப்பாடு, ஒன்றாக அமர்ந்து உண்ண ஒரு மேசை: இவை பேட்டைதோறும் அங்கே வரவேண்டும். சுகாதாரத் துறையும் வீடமைப்புக் கழகமும் அட்மிரல்ட்டியில் ஒரே மேசையில் உட்கார்ந்தன. பழைய புளோக்குகளுக்காகவும் அவை அப்படி உட்கார வேண்டும், அதற்கான நிதியைத் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும்.