பாதியில் நிற்கும் சோதனை

கணினி தொடங்கும்போதே நடக்கும் வைரஸ் சோதனை பாதியில் நின்றால், வைரஸ்தான் காரணம் என்று பலரும் முடிவுகட்டுகிறார்கள். வரலாறு அப்படி அவசரப்படச் சொல்லவில்லை. 1986இல் லாகூரில் பிறந்த ‘பிரெய்ன்’ வைரஸ், ஃபிளாப்பியின் முதல் 512 பைட்டில் குடியேறியது. அங்கிருந்த, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அசல் பூட் செக்டரை வேறிடத்துக்கு மாற்றி, அந்த இடத்தைப் பழுதென்று குறித்துவைத்தது. யாரேனும் முதல் செக்டரைப் படிக்க வந்தால் அசலையே எடுத்து நீட்டியது. முந்தி எழுந்தவன் வைத்ததே சட்டம். அதனால்தான் எழுதமுடியாதபடி தடுத்த சுத்தமான ஃபிளாப்பியில் கணினியைத் தொடங்கிச் சோதித்தார்கள். இன்றைய தொடக்கச் சோதனை அதன் வாரிசு.

நின்றுபோவதும் வைரஸின் தந்திரம்தானே என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் உண்மையிலேயே பழுதான செக்டரும் சோதனையை முறிக்கும். எப்போதும் ஒரே கோப்பில் நின்றால், தரவை நகலெடுத்துவிட்டு முதலில் வட்டைச் சோதிப்பதே முறை. ஐயம் தீராவிட்டால் பழைய வழிதான்: சுத்தமான பென்டிரைவில் தொடங்கிப் பார்ப்பது.