குழுவுக்கு வெளியே ஒரு குரல்: பிரெடி மேர்க்குரியின் தனி இசைப்பயணம்

மன்னார் தீவின் பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தைக் கடல்வழி வந்த அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது ஊர்வழக்கு. அந்த ஆபிரிக்கக் கரையோரத்துச் சன்சிபார்த் தீவுக்கு, இதே இந்துமாக்கடலில் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து போய்க் குடியேறியது ஒரு பார்சிக் குடும்பம். அங்கே 1946 செப்டெம்பர் 5ஆம் திகதி பிறந்த பிள்ளைக்குப் பரூக் புல்சாரா என்று பெயரிட்டார்கள். பின்னாளில் உலகம் அவரைப் பிரெடி மேர்க்குரி என்று அறிந்தது.

‘குயின்’ என்ற ஆங்கில றொக் குழுவின் முன்னணிப் பாடகராக அவர் பெற்ற புகழை விளக்கத் தேவையில்லை. அந்தக் குழுவுக்கு வெளியே அவர் செய்த வேலைதான் தமிழில் அதிகம் பேசப்படாதது. முழு நீள இசைத்தொகுப்புகள் இரண்டு, தனிப்பாடல்கள் சில, ஓர் இசைநாடகத்துக்கான பாடல்கள் ஆகியன அதில் அடங்கும். 1973இல் தொடங்கி 1988இல் உச்சம் தொட்ட இந்தப் பயணத்தை ஆண்டு வரிசையில் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஏறத்தாழ எல்லாவற்றையும் தானே செய்த தொகுப்பில் மேர்க்குரி தடுமாறினார். தனக்கு ஈடான இன்னொரு கலைஞரைக் கண்டடைந்த தொகுப்பிலேயே அவருடைய தனித்தன்மை முழுமையாக வெளிப்பட்டது. இக்கட்டுரை நிறுவ முனைவது இதையே.

பஞ்ச்கனிப் பள்ளியின் பியானோ

எட்டு வயதளவில் பரூக்கைப் பெற்றோர் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிர மலைநகரான பஞ்ச்கனியில் இருந்த புனித பேதுரு பள்ளி விடுதியில் அவர் வளர்ந்தார். பியானோ கற்றார், பாடகர் குழுவில் பாடினார். 1958இல் பள்ளித் தோழர் நால்வரோடு சேர்ந்து ‘ஹெக்டிக்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் போன்றோரின் பாடல்களை அந்தச் சிறுவர்கள் பள்ளி விழாக்களில் பாடினார்கள். அந்தக் குழுவின் முதன்மைப் பாடகர் வேறொரு மாணவர். பிரெடி இருந்த இடம் பியானோவின் முன்னால். தன் முதல் குழுவில் அவர் இன்னொருவரின் குரலுக்குத் துணை நின்றவர்.

அக்கால இந்தியாவில் மேலைப் பாடல்கள் எப்படிப் பரவின என்பதில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. 1952இல் அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஓய்ந்தன. நேயர்கள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குத் திரும்பினார்கள். ஹிந்திப் பாடல்களோடு ஆங்கிலப் பாடல்களையும் கொழும்பிலிருந்தே இந்தியா கேட்டது. பஞ்ச்கனி விடுதிப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தின் ஒலிச்சூழல் இதுதான்.

1964 ஜனவரியில் சன்சிபாரில் புரட்சி வெடித்தது. புல்சாரா குடும்பம் உயிரைக் காத்துக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பிரெடி ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தார். ஐபெக்ஸ், சவர் மில்க் சீ போன்ற சிறு குழுக்களில் பாடிவிட்டு, 1970இல் கிற்றார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ரொஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்தார். மறு ஆண்டு ஜோன் டீக்கன் வந்து சேர, குயின் முழுமை பெற்றது.

வேறு பெயரில் ஒரு முதல் முயற்சி

குயினின் முதல் இசைத்தட்டு வெளிவருவதற்குச் சற்று முன்பே மேர்க்குரியின் முதல் தனிப்பாடல் வந்துவிட்டது. 1973இல் இலண்டன் டிரைடென்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ரொபின் ஜெஃப்ரி கேபிள் என்ற தயாரிப்பாளர் பழைய பாடலொன்றைப் புதிதாக்கிக்கொண்டிருந்தார். அதே கூடத்தில் குயினும் வேலை செய்துகொண்டிருந்தது. கேபிள் கேட்டதற்கிணங்க மேர்க்குரி ‘ஐ கேன் ஹியர் மியூசிக்’ பாடலைப் பாடிக் கொடுத்தார். தட்டில் அச்சான பெயர் லாரி லூரெக்ஸ். அன்று கொடிகட்டிப் பறந்த கேரி கிளிட்டரின் பெயரைச் சீண்டும் புனைபெயர் அது. பாடல் விற்கவில்லை.

ஆனாலும் ஆய்வாளருக்கு இந்தத் தட்டு முக்கியமானது. மேயும் டெய்லரும் அதில் வாசித்திருக்கிறார்கள். தனிப்பாடல் என்று பட்டியலிடப்படும் முதல் பாடலிலேயே குழுத் தோழர்கள் உடனிருந்தார்கள்.

தயக்கத்தின் ஆண்டுகள்

அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாக மேர்க்குரி தன் பெயரில் எதுவும் வெளியிடவில்லை. குழுவில் தனிவழி தேடிய முதல் ஆள் டெய்லர். 1977இல் ஒரு தனிப்பாடலும் 1981இல் ஒரு முழுத் தொகுப்பும் அவரிடமிருந்து வந்தன. 1983இல் மே வேறு கலைஞர்களோடு சேர்ந்து ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டார். மிகப் பெரிய குரலுக்குச் சொந்தக்காரர் மூன்றாவதாகத்தான் வந்தார்.

இடைப்பட்ட காலத்தில் அவருடைய நாட்டம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதைக் காட்டும் தடயங்கள் இரண்டு. 1979 ஒக்டோபரில் இலண்டன் கொலிசியம் அரங்கில் ரோயல் பாலே நடனக் கலைஞர்களோடு மேடையேறி, பல்லிய இசைக்குழு முழங்கப் பாடினார். 1983இல் மைக்கேல் ஜாக்சனோடு அமர்ந்து மூன்று பாடல்களுக்கான மாதிரிப் பதிவுகளைச் செய்தார். அவை முடிவடையாமலே நின்றன. அவற்றில் ஒன்று, இருவரும் மறைந்த பின், 2014இல்தான் அவர்களின் குரல்களோடு வெளிவந்தது. நடன அரங்கும் இன்னொரு பெருங்கலைஞரின் துணையும் அவரை ஈர்த்தன. இந்த இரண்டு இழைகளும் பின்னர் பார்சலோனாவில் ஒன்றாக முறுக்கேறின.

1984இல் இத்தாலிய இசையமைப்பாளர் ஜோர்ஜோ மொரோடர், ‘மெட்ரோபொலிஸ்’ என்ற பழைய ஜெர்மன் மௌனப்படத்தைப் புதிய இசையோடு வெளியிட்டார். அதற்காக மேர்க்குரி பாடிய ‘லவ் கில்ஸ்’ பிரித்தானியத் தரவரிசையில் 10ஆம் இடத்தைப் பிடித்தது. சொந்தப் பெயரில் அவருடைய முதல் தனிப்பாடல் இதுவே.

‘மிஸ்டர் பேட் கை’: தனக்குத் தானே பிற்பாட்டு

1985 ஏப்ரில் 29ஆம் திகதி சிபிஎஸ் நிறுவனம் ‘மிஸ்டர் பேட் கை’ தொகுப்பை வெளியிட்டது. மியூனிக் நகரின் மியூசிக்லாண்ட் கூடத்தில், குயினோடும் பணியாற்றிய ரைன்ஹோல்ட் மாக்குடன் சேர்ந்து மேர்க்குரி அதைத் தயாரித்தார். பதினொரு பாடல்களையும் அவரே எழுதினார். குயினின் இசைத்தட்டுகளில் நால்வரும் எழுத்தாளர்கள், ஆகவே ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் குறைவு. இங்கே அந்தப் பங்கீடு இல்லை. நடன அரங்குகளின் மின்னிசைத் தாளமும் மென்மையான காதல் பாடல்களும் தாராளமாக இடம்பெற்றன.

பிரித்தானியாவில் தொகுப்பு 6ஆம் இடம்வரை ஏறியது. அமெரிக்காவில் முதல் நூறுக்குள்ளும் நுழையவில்லை. தனிப்பாடல்களின் சரிவு இன்னும் தெளிவானது. ‘ஐ வோஸ் போர்ன் டு லவ் யூ’ 11ஆம் இடம், ‘மேட் இன் ஹெவன்’ 57ஆம் இடம், ‘லிவிங் ஒன் மை ஓன்’ 50ஆம் இடம்.

காரணத்தை இசைக்குள்ளேதான் தேட வேண்டும். மன்னார்க் கத்தோலிக்க நாட்டுக்கூத்தின் மாதோட்டப் பாங்கை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாத்திரம் ஏற்றவர் ஓரடி பாடுவார், பிற்பாட்டுக்காரர் அதை ஏற்றுப் பாடுவார். அந்த ஏற்பில்தான் பாட்டுக்குப் பலம் கூடுகிறது. குயினின் இசையும் அப்படிப்பட்டதே. மேர்க்குரியின் குரலுக்கு மேலே டெய்லரின் உச்சக்குரல் எழும், மேயின் குரல் இடையில் புகும், அவருடைய கிற்றார் பாடகரோடு வழக்காடும். ‘மிஸ்டர் பேட் கை’யில் முன்பாட்டும் பிற்பாட்டும் பெரும்பாலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. குரல் குறைவற்றது, மறுமொழிதான் இல்லை.

தொகுப்பு வெளிவந்து பதினோராம் வாரத்தில், 1985 யூலை 13ஆம் திகதி, வெம்பிளி மைதானத்தின் ‘லைவ் எயிட்’ மேடையில் குயின் ஏறியது. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் மட்டுமே நீண்ட அந்த நிகழ்ச்சி குழுவைப் புகழின் உச்சிக்கு மீண்டும் தூக்கியது. தனித்தொகுப்பு அந்த வெளிச்சத்தில் மங்கிப்போனது. அதை மேடைக்குக் கொண்டுபோக மேர்க்குரி முயலவும் இல்லை. தனியாக ஓர் இசைப் பயணத்தை அவர் வாழ்நாளில் நடத்தியதே கிடையாது.

நாடக மேடை வழியே ஒரு திருப்பம்

அடுத்த படி நாடக அரங்கிலிருந்து வந்தது. டேவ் கிளார்க் உருவாக்கிய ‘டைம்’ என்ற இசைநாடகத்தின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்புக்காக மேர்க்குரி இரண்டு பாடல்களைப் பாடினார். அந்த வேலையில்தான் பியானோக் கலைஞர் மைக் மோரனின் கூட்டு அமைந்தது. பாடகரின் மூச்சறிந்து வாசிக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார்.

மோரனோடு செய்த முதல் பெரிய பாடல் 1987இல் வந்த ‘த கிரேட் பிரிட்டெண்டர்’. பிளாட்டர்ஸ் குழு 1955இல் புகழ்பெறச் செய்த பாடல் அது. மேர்க்குரியின் பதிவு பிரித்தானியாவில் 4ஆம் இடத்தை எட்டியது. அவர் வாழ்நாளில் தனிப்பாடலாகப் பெற்ற மிக உயர்ந்த இடம் அதுவே. அதன் காணொளியில் குயின் பாடல்களுக்கு முன்பு போட்ட வேடங்களை ஒவ்வொன்றாக மறுபடி அணிந்து வருகிறார். கூடவே பெண்வேடமிட்டுப் பின்னணி பாடுவதாக நடிப்பவர்களில் ரொஜர் டெய்லரும் ஒருவர். குழுவின் வரலாற்றையே தன் தனிப்பாடலின் கதைப்பொருளாக்கிய துணிவு இங்கே தெரிகிறது.

அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் சொற்களே இல்லாத ஒரு பாடல் இருந்தது. ‘எக்ஸர்சைசஸ் இன் ஃப்ரீ லவ்’ என்று பெயர். ஒப்பராப் பாடகி ஒருவர் ஆலாபனை செய்வதைப் போல, மேர்க்குரி மெய்யிலாக் குரலில் (ஃபால்செட்டோ) பாடியிருக்கிறார். யாரை நினைத்துப் பாடினார் என்பது விரைவில் வெளியானது.

பார்சலோனா: இரண்டு குரல்கள்

மொன்செராட் கபாயே 1933இல் பார்சலோனாவில் பிறந்தவர், அக்கால ஒப்பரா உலகின் பெருங்குரல்களில் ஒன்று. இலண்டனில் அவர் பாடக் கேட்ட நாள் முதல் மேர்க்குரி அவருடைய பக்தர். 1986இல் ஸ்பானியத் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் அதை வெளிப்படையாகச் சொன்னார். செய்தி கபாயேயின் காதுக்கு எட்டியது. 1987 மார்ச்சில் பார்சலோனாவின் ரிட்ஸ் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். சொற்களற்ற அந்தப் பாடலை ஒலிநாடாவில் கேட்ட கபாயேக்கு அது பிடித்துப்போனது. பின்னர் அதே மெட்டு ‘என்சுவென்யோ’ என்ற பெயரில் இருவரும் பாடும் பாடலாகியது.

வேலை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. கபாயேயின் நிகழ்ச்சி நிரல் நிரம்பி வழிந்தது, ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர் செலவிடக்கூடிய நாட்கள் மிகச் சில. ஆகவே அவர் பாட வேண்டிய பகுதிகளையும் மேர்க்குரியே உயர்ந்த மெய்யிலாக் குரலில் பாடிப் பதிந்து அனுப்பினார். அதைக் கேட்டுப் பழகிவந்து கபாயே பாடினார். ஒரு றொக் பாடகர் தன் தொண்டையாலேயே ஒப்பராப் பாடகியின் பகுதியை வரைந்து காட்டியிருக்கிறார். ‘மிஸ்டர் பேட் கை’யிலும் பெரும்பாலான குரல்களை அவரே பாடினார். இம்முறை அப்படிப் பாடியது இன்னொருவருக்கு இடம் ஒதுக்குவதற்காக.

‘பார்சலோனா’ தனிப்பாடல் 1987இல் பிரித்தானியாவில் 8ஆம் இடம் பெற்றது. எட்டுப் பாடல்கள் கொண்ட தொகுப்பு 1988 ஒக்டோபர் 10ஆம் திகதி வெளியானது. அதற்கு இரண்டு நாள் முன்னர், பார்சலோனாவில் ஒலிம்பிக் கொடியை வரவேற்ற ‘லா நிட்’ விழாவில், ஸ்பானிய அரச தம்பதியர் முன்னிலையில் இருவரும் மேடையேறினார்கள். முன்பதிவு செய்த ஒலிக்கு வாயசைத்தே நிகழ்த்தினார்கள். 1987இலேயே மேர்க்குரிக்கு எச்ஐவி தொற்று உறுதியாகியிருந்தது. அந்த விழாவுக்குப் பிறகு எந்த மேடையிலும் அவர் பாடல் நிகழ்த்தவில்லை.

மறைவுக்குப் பின்

தன் நோயை உலகுக்கு அறிவித்த மறுநாள், 1991 நவம்பர் 24ஆம் திகதி, 45ஆவது வயதில் மேர்க்குரி காலமானார். மறு ஆண்டு பார்சலோனாவில் நடந்த ஒலிம்பிக் காலத்தில் மறுவெளியீடு கண்ட ‘பார்சலோனா’ 2ஆம் இடம்வரை ஏறியது. 1993இல் புதிய தாளக்கட்டோடு வந்த ‘லிவிங் ஒன் மை ஓன்’ முதலிடத்தைப் பிடித்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 50ஆம் இடத்தோடு நின்றுபோன அதே பாடல்!

1995இல் குயினின் எஞ்சிய மூவரும் ‘மேட் இன் ஹெவன்’ தொகுப்பை வெளியிட்டார்கள். தலைப்புப் பாடலும் ‘ஐ வோஸ் போர்ன் டு லவ் யூ’வும் மேர்க்குரியின் தனித்தொகுப்பிலிருந்து எடுத்தவை. குரலை அப்படியே வைத்துக்கொண்டு, கிற்றாரையும் டிரம்ஸையும் பின்னணிக் குரல்களையும் புதிதாகச் சேர்த்தார்கள். 1985இல் இல்லாமற்போன மறுமொழி பத்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. தொகுப்பு பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது.

முடிவாக

இலங்கையின் குழுப் பாடகர்கள் பலர் சென்ற வழி வேறு. 1966இல் ஆன்ஸ்லி மாலேவனவுடன் சேர்ந்து ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவைத் தொடங்கிய கிளாரன்ஸ் விஜேவர்தன, அதைவிட்டு விலகி ‘கோல்டன் சைம்ஸ்’ என்ற இன்னொரு குழுவை அமைத்தார். மேர்க்குரி கடைசிவரை குயினை விட்டு விலகவே இல்லை. வெளியே கற்றதைக் குழுவுக்குள் கொண்டுவந்தார். 1989இன் ‘த மிராக்கிள்’ தொகுப்பு முதல், பாடல்களை எழுதியவர் என்று ஆளுக்கொரு பெயரைப் பதியாமல் குயின் என்ற ஒரே பெயரில் நால்வரும் பதிந்தார்கள்.

தரவரிசை எண்களை மட்டும் பார்த்தால் மேர்க்குரியின் தனிப்பயணம் குயினின் நிழலில் நின்ற சிறு முயற்சியாகத் தோன்றும். ‘பார்சலோனா’ அந்தக் கணிப்பைப் பொய்யாக்குகிறது. அதற்கு ஒப்பான ஒன்று குயினின் எந்தத் தட்டிலும் இல்லை, குயினின் பெயரில் அதைச் செய்திருக்கவும் முடியாது. 1988 பதிவில் பெரும்பாலான இசை மின்னணு விசைப்பலகையில் ஆனது. 2012இல் அதை விலக்கி, முழுப் பல்லிய இசைக்குழுவை வாசிக்க வைத்து மறுபடி வெளியிட்டார்கள். கேட்க விரும்பும் வாசகர் முதலில் ‘எக்ஸர்சைசஸ் இன் ஃப்ரீ லவ்’ பாடலையும், அடுத்து 1988ஆம் ஆண்டின் ‘என்சுவென்யோ’வையும், கடைசியாக 2012ஆம் ஆண்டுப் பதிவையும் இதே வரிசையில் கேட்கலாம்.