அபராதம் வாங்கித் தந்த அழுகை

கி.மு. 494இல் மிலேட்டஸ் நகரம் பாரசீகர்களிடம் வீழ்ந்தது. ஏதென்ஸ் மக்களுக்கு அது உறவுக்கார ஊர். அந்த வீழ்ச்சியையே பிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் மேடையேற்றினார். அரங்கமே அழுதது. நாடகக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவருக்குக் கிடைத்தது ஆயிரம் டிராக்மா அபராதம். சொந்தத் துக்கத்தைக் கிளறிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்று தடையும் விதித்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

இன்னொரு நாடகாசிரியரான ஏஸ்கிலஸ் வேறு வழி பிடித்தார். கி.மு. 472இல் அவர் போட்ட ‘பாரசீகர்கள்’ நாடகத்தில் அழுகிறவர்கள் எதிரிகள். பாரசீகர்கள் தோற்ற சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே ஆண்டுகள். அதில் துடுப்பு வலித்தவர்கள் பலர் பார்வையாளர் வரிசையில் இருந்திருப்பார்கள். கதை நடப்பதோ பாரசீகத் தலைநகரில். தூதன் வந்து மாண்ட பாரசீகத் தளபதிகளைப் பெயர் பெயராகச் சொல்கிறான். கிரேக்க வீரன் ஒருவன் பெயர்கூட இல்லை. கடைசியில் மன்னன் செர்க்ஸஸ் கிழிந்த உடையோடு வந்து ஒப்பாரி வைக்கிறான். இதை எழுதியவரின் தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்த ஒருவர் மாரத்தான் போரில் பாரசீகக் கப்பலைப் பிடித்து நிறுத்தப்போய்க் கை வெட்டுப்பட்டுச் செத்தவர். அப்படிப்பட்டவர் எதிரி மன்னனின் தாயை மேடையில் கலங்க வைத்தார், முதல் பரிசும் வாங்கினார். தயாரிப்புச் செலவு இளைஞர் பெரிக்ளிஸுடையது.

கிரேக்க நாடக மேடையில் தொடக்கத்தில் பாடற்குழுவும் ஒரே ஒரு நடிகரும்தான். இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவர் ஏஸ்கிலஸ், மூன்றாமவரைச் சேர்த்தவர் சோஃபோக்ளிஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். அந்த மூன்றாமவரால் என்ன லாபம் என்பதை ‘ஈடிபஸ் மன்ன’னில் பார்க்கலாம். கொரிந்திலிருந்து வந்தவனும் ஈடிபஸும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்கும் யொகாஸ்டாவுக்கு, தன் கணவன் ஈடிபஸ் தன் மகனேதான் என்பது அவனுக்கு முன்பே விளங்கிவிடுகிறது.

இந்த நாடகங்கள் பரிசுக்குப் போட்டியிட்ட டயோனிசஸ் விழாவின் நடுவர்களுக்கு எல்லாம் விளங்கியது என்று சொல்ல முடியாது. கி.மு. 431இல் யூரிப்பிடிஸின் ‘மெடியா’ இடம்பெற்ற தொகுதிக்குக் கடைசி இடம். முதல் பரிசு ஏஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு. இன்று அவரை யாருக்குத் தெரியும்?

ஏஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ் இருவர் பெயரிலும் முழுதாக மிஞ்சியவை ஏழேழு நாடகங்கள்தான். யூரிப்பிடிஸையும் சேர்த்து மூவரின் நாடகங்களுக்கும் ஏதென்ஸ் பின்னாளில் அரசுப் பிரதி எழுதி வைத்தது. எகிப்து மன்னர் தாலமி 15 டேலன்ட் வெள்ளி ஈடு கட்டி அதை இரவல் வாங்கினார். புதிய நகலைத் திருப்பி அனுப்பிவிட்டு மூலத்தை அலெக்சாந்திரியாவிலேயே வைத்துக்கொண்டார் என்று மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். ஈட்டுப் பணத்தை ஏதென்ஸே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாராம்.