வேங்கடம்: எல்லைக்கோடா, நடைவழியா?

யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இந்தியா 2025 செப்டம்பரில் ஏழு இயற்கை இடங்களைச் சேர்த்தது. கேரளத்தின் வர்க்கலைப் பாறைமுகடு, விசாகப்பட்டினத்தின் எர்ரமட்டி திப்பலு என்னும் செம்மண் மேடுகள் ஆகியவற்றோடு திருமலைக் குன்றுகளும் அதில் இடம்பெற்றன. இரண்டு பாறைச் சான்றுகளே அதற்கு முதன்மைக் காரணம். ஒன்று, கோயிலுக்கு வடக்கே உள்ள சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவு. மற்றொன்று, மலைச்சரிவில் தெரியும் எபார்க்கியன் இயைபின்மைத் தளம். இச்செய்தி தமிழ்ப் புலமை உலகில் பெரிய சலனத்தை ஏற்படுத்தவில்லை. வேங்கடம் என்றதும் இங்கே நினைவுக்கு வருவது தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் குறிக்கும் வடவெல்லை, பின்னர் ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தமை ஆகியவையே. ஒரு தரப்புக்கு அது பாறை, மறு தரப்புக்கு அது கோடு. ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர் காலால் நடந்து கடந்த மலை என்பது இரு பார்வையிலும் விடுபட்டுப்போகிறது.

சங்கப் பாடல்களைக் கூர்ந்து நோக்கினால் எல்லை என்ற கருத்தே சற்று நெகிழ்ந்துவிடுகிறது. அகநானூற்றில் வேங்கடத்தைப் பலமுறை பாடிய மாமூலனாரின் பாடல்கள் பாலைத்திணைக்கு உரியவை. பொருள்தேடிச் சென்ற தலைவன் புல்லி என்னும் தலைவனின் வேங்கடத்தைக் கடந்து, வேற்றுமொழி வழங்கும் நாட்டுக்குப் போகிறான். அங்கே மொழி மாறுகிறது என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார், ஆயினும் பயணம் நிற்பதில்லை. ‘மொழிபெயர் தேயம்’ என்னும் வழக்கே அவ்வழி நடந்தவர்களின் பட்டறிவிலிருந்து பிறந்ததாக இருக்கவேண்டும். போகாத ஊரில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ‘கடம்’ என்ற சொல்லுக்குப் பாலைநிலத்து அருவழி என்ற பொருள் இருப்பதால், வேங்கடம் என்பதையே ‘வெம்மையான வழி’ எனப் பிரிப்பாரும் உளர். உறுதியான சொற்பிறப்பு என்று அதனைக் கொள்ள இயலாது. வடமொழியில் ‘பாவங்களை எரிப்பது’ என்று சொல்லும் விளக்கத்தைவிட அது நிலத்துக்கு நெருக்கமானது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வரும் மாங்காட்டு மறையோன் இந்த நடைமரபின் இன்னொரு முகம். திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் காணப் புறப்பட்டவன் இடைவழியில் கோவலனுக்கு மதுரை செல்லும் மூன்று வழிகளையும் அவற்றின் இடர்களையும் விரித்துரைக்கிறான். யாத்திரிகனே வழிகாட்டியாகவும் ஆகிறான். வேங்கடத்தை அவன் அறிமுகப்படுத்தும்போது நெடுமாலோடு அருவியும் சேர்ந்தே வருகிறது.

இனிப் பாறை. திருப்பதி நகரிலிருந்து மலையை நோக்குபவர் இரண்டு பகுதிகளை எளிதில் பிரித்தறியலாம். கீழே புதர் மூடிய சாய்வு, மேலே சுவர்போல் நிமிர்ந்த செம்பழுப்பு முகடு. சாய்வாக இருப்பது ஆர்க்கியன் காலக் கருங்கல். முகடாக நிற்பது நகரி குவார்ட்சைட். பூமியின் ஆழத்தில் உறைந்த கருங்கல் மேலே வந்து, காற்றிலும் மழையிலும் தேய்ந்து தரைமட்டமான பிறகு, அதன்மீது ஆழமற்ற கடல் பரவி மணலைப் படியவைத்தது. அம்மணல் இறுகியதே இன்றைய முகடு. தேய்மானம் முடிந்து படிவு தொடங்கும் வரையிலான காலத்துக்கு அங்கே கல்லில் எழுதப்பட்ட சான்று எதுவும் இல்லை. இந்த வெற்றிடத்தின் அளவு ஐம்பது கோடி ஆண்டுகள் என்றும் எண்பது கோடி ஆண்டுகள் என்றும் கணிப்புகள் உண்டு. இரு பாறைகளும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய கோட்டையே நிலவியலார் இயைபின்மைத் தளம் என்கின்றனர். சுவடியில் பல ஏடுகள் தொலைந்துபோய், முன்னும் பின்னும் உள்ள ஏடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது அது.

இந்தப் பாறைத்தொகுதியை முதலில் முறையாக வகைப்படுத்தியவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங். கடப்பை, கர்நூல் படிவுகள் பற்றிய அவரது நூல் 1872-இல் வெளிவந்தது. கடப்பைப் படிவுகளை அவர் பாபாக்னி, செய்யேறு, நல்லமலை, கிருஷ்ணா என நான்கு பிரிவுகளாக்கினார். மூன்று ஆறுகள், ஒரு மலை. உள்ளூர் மக்கள் ஆற்றுக்கு வைத்த பெயர்கள் இவ்வாறு பாறைகளின் பெயர்களாயின. மலைக்கோயிலின் மரபை மதித்து ஐரோப்பியர் மேலே ஏறுவதைப் பெரும்பாலும் தவிர்த்துவந்த காலம் அது. திருமலையின் பாறை அடுக்குகளை அன்றாடம் மிதித்து ஏறியவர்கள் யாத்திரிகர்களும் டோலி சுமப்பவர்களுமே.

அவர்களும் பெயரிடத்தான் செய்தனர். அலிபிரி வழியில் முதல் ஏற்றம் காலி கோபுரத்தில் முடிய, பிறகு ஓரளவு சமவெளியாகச் செல்லும் பாதை, இறுதியில் மீண்டும் செங்குத்தாக எழுகிறது. அவ்விடம் தெலுங்கில் மோகாளமிட்ட, அதாவது முழங்கால் மேடு. தமிழ் வைணவ வழக்கில் முழங்கால் முறிச்சான். அங்கே மலையைக் காலால் மிதிக்க அஞ்சி இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்பது பக்தர் கூற்று. ஏறிப் பார்த்தவர்க்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அலிபிரி என்ற பெயரையும் ‘அடிப்புளி’ என்ற தமிழ்ச்சொல்லோடு இணைப்பவர் உண்டு. மலையடிவாரத்துப் புளியமரம் என்பது பொருள். சாது சுப்பிரமணிய சாஸ்திரி பதிப்பித்து 1931 முதல் வெளிவரத் தொடங்கிய தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை தமிழ். ஆனால் அந்த எண்ணிக்கையைக் காட்டி மலைக்கு உரிமை கோருவது, ஒரே மேட்டுக்கு இரு மொழியிலும் முழங்காலின் பெயரே அமைந்த உண்மையை மறைத்துவிடும்.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் வரலாற்றை அவர் பேரர் சின்னண்ணா தெலுங்கில் எழுதினார். அதில் சிறுவன் அன்னமய்யா தோல் செருப்புடன் ஏறிக் களைத்து மூங்கில் புதரடியில் ஒரு கல்லில் படுத்துவிடுகிறான். மலை முழுதும் சாளக்கிராமம், செருப்பைக் கழற்று என்கிறாள் அலமேல்மங்கை. சாளக்கிராமம் என்பது தொல்லுயிரின் சுருள் ஓடு பதிந்த கல். திருமலைக் குவார்ட்சைட்டோ ஓடுள்ள உயிரினம் எதுவும் தோன்றுவதற்கு மிகவும் முற்பட்டது. கதை நிலவியலில் தவறுகிறது. எனினும் கல்லுக்குத் தொன்மையும் மதிப்பும் உண்டு, அதனை அறிந்து நடக்கவேண்டும் என்ற உணர்வு அதில் இருக்கிறது.

1944 ஏப்ரலில் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. 1974-இல் இரண்டாவது சாலை. சாலைக்காகப் பாறையை வெட்டிய இடங்களில்தான் இயைபின்மைத் தளம் தெளிவாக வெளிப்பட்டது. நிலவியலுக்குச் சான்றைத் திறந்துவைத்த அதே சாலை, பெரும்பாலானோரை நடையிலிருந்து வண்டிக்கு மாற்றியது. இன்று அந்த வெட்டுமுகத்தைப் பேருந்தின் சன்னல் ஓரத்தில் சில நொடிகளில் கடந்துவிடுகிறார்கள். அலிபிரியின் 3,550 படிகளிலும் சந்திரகிரிப் பக்கத்து ஶ்ரீவாரி மெட்டின் 2,388 படிகளிலும் ஏறுவோர் இன்னும் ஏராளம். ஆனால் சிமெண்டும் கூரையும் போர்த்திய அவ்வழிகளில் பாறை கண்ணில் படுவது குறைவு.

பாறையை உள்ளபடி காணும் நடை தீர்த்த முக்கோடிகளில் எஞ்சியிருக்கிறது. தைப் பௌர்ணமியில் இராமகிருஷ்ண தீர்த்தம், மாசியில் குமாரதாரை, பங்குனியில் தும்புரு தீர்த்தம். தும்புருவுக்குப் பாபவிநாசனம் அணைப்பக்கமிருந்து காட்டுக்குள் இறங்கவேண்டும். இறுதியில் இருபுறமும் குவார்ட்சைட் சுவர்கள் நெருங்கிய இடுக்கில், நீருக்குள்ளும் வழுக்குப் பாறைமீதும் கயிற்றைப் பற்றி மக்கள் நகர்கிறார்கள். வெடிப்புகள் வழியே மழைநீர் இறங்கி, மேலும் இறங்க முடியாத தளத்தில் பக்கவாட்டில் வெளிவருவது இத்தகைய மலைகளின் இயல்பு. பாறையின் வெடிப்பும் நீரும் சந்திக்கும் இடமே தீர்த்தமாகிறது. முக்கோடிகள் மூன்றும் கோடைக்குச் சற்று முன்னரே வருவது கவனத்துக்குரியது. பருவமழையின் வெள்ளம் வடிந்து, ஊற்று வற்றாதிருக்கும் காலம் அது. நாள் குறித்தவர்கள் மலையின் நீர்க்கணக்கை அறிந்தவர்கள் என்றே கொள்ளவேண்டும்.

ஆற்றுவழிப் பயணம் இங்கே வளராமைக்கும் இதே நீர்க்கணக்குதான் காரணம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டலாம். காவிரி அதற்கு இடம் தரும். சுவர்ணமுகியும், அதாவது கண்ணப்பர் கதையின் பொன்முகலியும், செய்யேறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வந்தால் வெள்ளமாக வரும். 2021 நவம்பர் மழையில் செய்யேற்றின் மீதிருந்த அன்னமய்யா அணை உடைந்து இராஜம்பேட்டைப் பக்கத்து ஊர்கள் அடித்துச்செல்லப்பட்டன. ஶ்ரீவாரி மெட்டு வழி சிதைந்து மூடப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் திறந்தது. அதே பருவத்தில் மலைச்சாலையில் பாறைகள் பெயர்ந்து விழுந்தன. வெடிப்பு நிறைந்த குவார்ட்சைட் முகடு நீரைத் தீர்த்தமாகத் தருவது போலவே, பெருமழையில் பாளம்பாளமாகச் சரியவும் செய்யும். சென்னையிலிருந்து நாகலாபுரம், தடா ஓடைகளுக்கு மலையேற்றக் குழுக்களோடு வரும் இளைஞர்க்கு வழிகாட்டுவோர் சொல்லித்தர வேண்டிய முதற்பாடம் இது.

வேங்கடக் காட்டில் இன்று நடப்பவர்களுள் இன்னொரு சாரார் உளர். செம்மரம் இந்தப் பாறைநிலத்துக்கே உரியது. 1989-இல் தேசியப் பூங்காவும் 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்ட பின்னும் அதனை வெட்டிக் கடத்துவது ஓயவில்லை. வெட்டும் வேலைக்கு இடைத்தரகர்கள் அழைத்து வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு மலைமக்களை. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே இருபது பேர் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பிடித்துவைத்துக் கொன்றதாக மனித உரிமை அமைப்புகள் கூறின. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டத்தினர், ஜவ்வாது மலையினர் பலர். பொருள்வயின் பிரிந்து வேங்கடத்தைக் கடந்தவனைப் பற்றிய பாடல்களுக்கு உரையெழுதும் மரபு அன்றைய நாளிதழ்ச் செய்தியை அந்தப் பாடல்களின் அருகில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற பின், பிற்பகலில் சிறுவரை அவ்வழியே ஏற்றத் தடை வந்தது. நடப்போர் கூட்டமாகச் செல்லும்படி அறிவுறுத்தப்பட்டு, கையில் தடியும் கொடுக்கப்பட்டது. பட்டியல் முன்மொழிவு உறுதியானால் வழிகாட்டியுடன் கூடிய பாறைநடைகளும், படிக்கு ஒன்றாய்ப் பெயர்ப்பலகைகளும் வரக்கூடும். அவற்றில் நகரி குவார்ட்சைட்டுக்கு நிச்சயம் இடம் இருக்கும். மோகாளமிட்டவும் முழங்கால் முறிச்சானும் ஒரே பலகையில் சேர்ந்து எழுதப்படுமா என்பதை இப்போதே கேட்டுவைக்கலாம். தெலுங்கின் ‘ஏறு’, தமிழின் ‘ஆறு’ இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். கிங் தன் பாறைப்பிரிவுக்குப் பெயர் எடுத்த செய்யேறு சித்தூர் மலைகளில் தோன்றிக் கடப்பைப் பக்கம் ஓடுகிறது. தமிழ்நாட்டின் செய்யாறு ஜவ்வாது மலையில் தோன்றுகிறது.